ஆன்லைன் விவாகரத்து சேவை: பணம் கட்டும் முன் குமரி மாவட்டத்தார் பார்க்க வேண்டியவை

செல்போனில் ‘ஆன்லைன் விவாகரத்து’ என்று தேடினால் விளம்பரங்கள் வரிசையாக வந்து விழும். பதினைந்தே நாளில் முடித்துத் தருகிறோம், கோர்ட் படி ஏற வேண்டாம், வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். மனம் நொந்து கிடக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு பெரிய ஆறுதலாகத் தெரியும். ஆனால் இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் உள்ள சில முறைகளையும் நிரூபிக்கப்பட்ட சில சமுதாய வழக்கங்களையும் விட்டால், இந்தியாவில் திருமணத்தை முறிப்பது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை மட்டும்தான். எந்த இணையதளமும் அதைத் தர முடியாது. மனு எழுதித் தரலாம், ஆவணங்களை அடுக்கித் தரலாம், வக்கீலைப் பிடித்துத் தரலாம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லலாம். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

அதனால் எந்தச் சேவையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: நாகர்கோவில் கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிடும்போது எழுந்து நிற்கப் போகிறவர் யார், வக்காலத்து (எனக்காக வாதாட வக்கீலுக்கு நான் எழுதிக் கொடுக்கும் அதிகாரத் தாள்) யார் பெயரில்? ஆளின் பெயரோடு பதில் வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

தேடலில் அமெரிக்கத் தளங்களும் வரும். டாலரில் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தந்த மாநில நீதிமன்றத்துக்கான படிவங்களை நிரப்பித் தருபவை அவை. அங்கே குடியிருப்பவர்களுக்கு உதவலாம். தக்கலையிலோ கருங்கலிலோ இருப்பவருக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ‘முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் விவாகரத்து’ என்று உள்ளூரில் சொல்பவர்களின் பேச்சும் அப்படித்தான். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் மேல் இருதார வழக்குக்கூடப் போடலாம்.

வீட்டில் அடி, மிரட்டல், பூட்டி வைத்தல் என்று நடந்துகொண்டிருந்தால் சேவை தேடுவதை நிறுத்தி வைத்துவிட்டு 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கோ அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போங்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். விவாகரத்து மனுவை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சேவையைத் தேடும் முன்

மூன்று விஷயம் உங்களுக்கே தெளிவாகியிருக்க வேண்டும். இவை தெரியாமல் ஒரு தளத்துக்குள் போனால் அவர்கள் கையில் இருக்கும் பேக்கேஜுக்கு ஏற்றபடி உங்கள் வழக்கை வளைத்துவிடுவார்கள்.

முதலாவது, இருவரும் சம்மதமா? கணவன், மனைவி இருவரும் பிரிய ஒத்துக்கொண்டு, குழந்தை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு, நகை என்ன ஆகும் என்பதிலும் உடன்பாடு இருந்தால்தான் பரஸ்பர சம்மத மனு. ஒருவர் மறுத்தாலும் அது போட்டி வழக்கு. சம்மன், எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று அது வருடக்கணக்கில் நடக்கும். போட்டி வழக்குக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரே கட்டணம் என்று விற்கும் ஆன்லைன் பேக்கேஜ் எதையும் வாங்காதீர்கள். எத்தனை வாய்தா போகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாத வேலைக்கு ஒரே விலை என்றால், பாதி வழியில் கூடுதல் பணம் கேட்பார்கள் அல்லது ஆளைக் காணாது. அதற்கு நேரில் போய்ப் பேசக்கூடிய உள்ளூர் வக்கீல்தான் சரி.

இரண்டாவது, எந்தச் சட்டம்? நம் மாவட்டத்தில் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். வெளியூரிலிருந்து நடத்தப்படும் தளங்கள் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை மட்டும் மனதில் வைத்துத்தான் படிவம் தயாரித்திருக்கின்றன. குமரியிலோ 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்.

இருவரும் இந்து என்றால் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், பிரிவு 13-பி. மனு போடும் நாளில் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருப்பு. 18 மாதத்துக்குள் இருவரும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். இந்த 6 மாதம் கட்டாயமல்ல, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. மனு போடும் முன்பே ஒரு வருடமும் 6 மாதமும் சேர்ந்து ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை விவகாரம் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். போன மாதம் பிரிந்தவருக்கு ‘6 மாதத்தை ரத்து செய்து தருகிறோம்’ என்று சொல்லும் சேவை பொய் சொல்கிறது.

கிறிஸ்தவர் என்றால் 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். பரஸ்பர சம்மதத்துக்கான பிரிவு 10-ஏ, 2001 திருத்தத்தில் வந்தது. சட்டத்தில் எழுதியிருப்பது இரண்டு வருடப் பிரிவு. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் இதை ஒரு வருடமாகக் குறைத்துப் படித்தது. 2022-ல் அந்த ஒரு வருடக் கட்டாயமும் அரசியலமைப்புக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் ‘எங்களுக்கு இரண்டு வருடம் தேவையில்லை’ என்பது அதனால்தான். நாகர்கோவிலில் மனு போடுகிறவர் இரண்டு வருடக் கணக்கை வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. கணவனோ மனைவியோ ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். சாதிச் சான்றில் இந்து என்று இருந்து, கல்யாணம் ஆலயத்தில் (சர்ச்சில்) நடந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அதை மறைக்காமல் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தவறான சட்டத்தில் போட்ட மனு பாதியில் நின்றால் காத்திருந்த மாதங்கள் எல்லாம் வீண்.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொன்று. மறைமாவட்டத் தீர்ப்பாயம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் அரசுச் சட்டத்தின் பார்வையில் திருமணம் அப்படியே இருக்கும். உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைச் சொல்லிவிட்டது. அதேபோல கோர்ட் விவாகரத்து கொடுத்தாலும், ஆலயத்தில் மறுமணம் செய்யத் திருச்சபையின் அறிவிப்பு தனியாகத் தேவை. இரண்டும் வேறு வேறு வழி. இரண்டையும் ஒரே கட்டணத்தில் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இஸ்லாமியர்களில் மனைவி கேட்கும் விவாகரத்துக்கு 1939-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. குலா, அதாவது மனைவி முன்வந்து பெறும் விவாகரத்து, கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் உடனடி முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது. அனுப்பியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு, மதம் எதுவானாலும், அந்தச் சட்டத்தின் பிரிவு 28-தான்.

மூன்றாவது, எந்தக் கோர்ட்? இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம். கிறிஸ்தவச் சட்டத்தில் அந்தக் கடைசி வசதி இல்லை. கல்யாணம் நடந்த இடம், இருவரும் வாழும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், அவ்வளவுதான். கேரளத்துப் பாறசாலையில் கல்யாணம் முடித்து, திருவனந்தபுரத்தில் குடித்தனம் நடத்தி, இப்போது மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் இருக்கும் கிறிஸ்தவப் பெண் நாகர்கோவிலில் மனு போட்டால் இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வராது என்று மனு திரும்பி வரும். படிவத்தில் ‘உங்கள் ஊர்’ என்று மட்டும் கேட்டு இந்த மூன்று இடத்தையும் கேட்காத சேவைக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

என்னென்ன வகை இருக்கிறது

இப்போது சேவைக்கு வரலாம். விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு வகை இருக்கின்றன.

வெறும் மனு எழுதித் தருபவர்கள் ஒரு வகை. நீங்கள் விவரம் கொடுத்தால் மனுவைத் தயாரித்து அனுப்புவார்கள். கோர்ட்டுக்கு நீங்களோ உங்கள் வக்கீலோ போக வேண்டும். விலை குறைவு. ஆனால் டெல்லிப் பழக்கத்தில் எழுதிய மனு வந்து சேரும் ஆபத்து அதிகம். அங்கே முதல் மோஷன், இரண்டாம் மோஷன் என்று இரண்டு தனி மனு போடுவார்கள், இரண்டுக்கும் தனிக் கட்டணம். நம் ஊரில் பொதுவாக ஒரே மனுதான். அது நம்பர் ஆகி (கோர்ட் வழக்கு எண் கொடுத்து), காத்திருப்புக் காலம் முடிந்ததும் அதே மனுவில் இருவரையும் விசாரிப்பார்கள். ‘செகண்ட் மோஷன் ஃபீஸ்’ என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

வக்கீலைக் கைகாட்டிவிடும் தளங்கள் இரண்டாவது. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் ஆள் பிடிப்பதையும் தடை செய்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக வக்கீல் தொழிலைச் சரக்குபோல விளம்பரப்படுத்துவது இந்த விதிக்கு எதிரானது என்று கூறி, நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே ஐந்து நட்சத்திரம், ‘நம்பர் ஒன் வக்கீல்’ போன்ற பட்டங்களைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் பல வக்கீல்கள் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, மனு முதல் தீர்ப்பு வரை முழுப் பேக்கேஜ். நிறுவனம் பெங்களூரில் இருக்கும், உங்கள் கோர்ட்டில் ஆஜராவதற்கு உள்ளூரில் ஒரு வக்கீலை அமர்த்துவார்கள். அவருக்கு நிறுவனம் கொடுப்பது நீங்கள் கட்டுவதில் சிறு பங்காக இருந்தால் அவர் உங்கள் வழக்குக் கட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

நான்காவது, காசில்லாத அரசு வழி. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றாலும் 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம். முதலில் பேசிப் பார்க்க 15100 என்ற எண். இதைப் பலரும் கடைசி வழியாக நினைக்கிறார்கள். சம்மத மனுவாக இருந்து, சொத்துத் தகராறும் இல்லையென்றால் முதலில் தட்ட வேண்டிய கதவே இதுதான் என்பது எங்கள் கருத்து.

வக்கீலைச் சரிபார்ப்பது

சேவை ஒரு பெயரைச் சொன்னதும் அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணையும் பதிவான ஆண்டையும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிறகு நீதிமன்றங்களின் அதிகாரபூர்வ இ-கோர்ட்ஸ் ஆப்பைத் திறந்து வழக்கு நிலவரத்தில் வக்கீல் பெயர் அல்லது பதிவு எண் வைத்துத் தேடும் பகுதிக்குப் போய், கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை என எங்காவது அவருக்கு நடப்பு வழக்குகள் இருந்தால் அவர் இந்தக் கோர்ட்டுகளுக்கு வந்துபோகிறவர். ஒன்றுகூட இல்லாவிட்டால், வாய்தா அன்று வேறொருவரைக் கைமாற்றி அனுப்பப் போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைப் பணம் கட்டும் முன் யாரும் செய்வதில்லை.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமையாகக் கிடைப்பதில்லை. 1984 சட்டத்தின் பிரிவு 13-ன்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடும். என்றாலும் கவுன்சிலிங்குக்கும் விசாரணைக்கும் நீங்கள் நேரில் வந்தாக வேண்டும். ‘நீங்கள் வரவே வேண்டாம்’ என்று உறுதி கொடுக்கும் சேவையை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம்.

பணம்

மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். அதைப் பிரித்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆலோசனை, மனு தயாரிப்பு, தட்டச்சு, நோட்டரி, கோர்ட் ஃபீ, நம்பர் ஆகும் வரை அலைச்சல், கவுன்சிலிங் நாள், கடைசி விசாரணை, தீர்ப்பின் சான்றிட்ட நகல். மனு ரிட்டர்ன் ஆனால் திருத்தித் திரும்பப் போடக் காசு உண்டா, இல்லையா என்பதும் அதில் இருக்கட்டும். முதல் முறை குறை சொல்லித் திரும்பி வருவது சாதாரணம். அதற்கெல்லாம் தனிக் கட்டணம் கேட்பது முறையல்ல. தொகையைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒரு பங்கு மனு தயாரானதும், ஒரு பங்கு நம்பர் ஆனதும், மீதி தீர்ப்பு நாளில்.

ஜிஎஸ்டி வரியைக் கவனியுங்கள். தனிநபருக்கு வக்கீல் செய்யும் சட்ட வேலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. தளம் தன் சொந்தச் சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீதம் போடலாம். வக்கீல் கட்டணத்தையும் சேர்த்து மொத்தத்துக்கும் 18 சதவீதம் போட்டிருந்தால், வக்கீலுக்கு என்று சொன்ன பணம் வக்கீலுக்குப் போகவில்லை என்று பொருள்.

யாருக்குப் பணம் போகிறது என்பது பின்னால் புகார் கொடுக்கும்போதும் வரும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் மேல் குறை என்றால் பார் கவுன்சில்தான். நிறுவனம் தன் சேவையில் ஏமாற்றினால் 1915 என்ற எண்ணுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மின்வணிக விதிகளின்படி தளத்தில் குறைதீர் அலுவலர் பெயர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்தப் பெயரும் முகவரியும் தளத்தில் இல்லை, பணமும் தனிநபர் ஜிபே எண்ணுக்குப் போகிறது என்றால் பின்னால் பிடிக்க ஆள் இருக்காது.

ஆவணங்களை அனுப்பும்போது ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலை அனுப்புங்கள். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனிலோ, கணவர் உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சலிலோ கணக்கு தொடங்காதீர்கள். வெற்றுத்தாளிலும், நிரப்பாத வக்காலத்திலும் எவ்வளவு அவசரம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனு கைக்கு வந்ததும்

ஒரு வரி விடாமல் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பெயரில்தான் முதல் தகராறு வரும். ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் வீட்டில் அழைக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்த்து என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது கடற்கரை ஊர்களில் சாதாரணம். மனுவில் ‘இன்னார் என்ற இன்னார்’ என்று எல்லாப் பெயரும் வர வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு வந்த பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் சிக்கும். கேரளத்தில் பதிவான திருமணச் சான்று மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பிரிந்த தேதி. தளத்தின் படிவத்தில் நீங்கள் தோராயமாகப் போட்ட தேதிதான் மனுவில் ஏறியிருக்கும். மகளிர் காவல் நிலையப் புகாரிலோ ஜீவனாம்ச வழக்கிலோ வேறு தேதி சொல்லியிருந்தால் இரண்டும் முட்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அதை அப்படியே எழுத வேண்டும், பொய்யாக வேறு முகவரி போடக்கூடாது.

நகை விஷயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். சேவைகள் அனுப்பும் மனுவில் ‘நகைகள் அனைத்தும் பரஸ்பரம் ஒப்படைக்கப்பட்டன, இனி யாருக்கும் யாரிடமும் பாக்கி இல்லை’ என்று ஒரே வரி இருக்கும். 50 பவுன், 100 பவுன் என்று போட்டு அனுப்பும் மாவட்டத்தில் அந்த ஒரு வரியில் ஒரு பெண்ணின் முழுச் சொத்தும் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு பட்டியல் சேருங்கள். ஆரம், வளையல், கொலுசு என்று ஒவ்வொன்றும் எத்தனை கிராம், கல் நீக்கி நிகர எடை எவ்வளவு (பவுன் என்பது 8 கிராம்), இப்போது யார் கையில், அடகில் இருந்தால் எந்த வங்கியில் எந்தக் கடன் எண்ணில், வட்டி யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் மீட்டுத் தருவது. நகைக்கடையில் எடை போட்டுச் சீட்டு வாங்கி இருவரும் அதில் கையெழுத்திட்டு மனுவோடு சேர்த்தால் பிறகு பேச்சே எழாது. எல்லாம் கைக்கு வரும் முன் ‘பாக்கி இல்லை’ என்ற வரியில் கையெழுத்திட வேண்டாம்.

ரொக்கத்துக்கும் அதே கவனம் வேண்டும். சம்மதத்தை யாரும் தீர்ப்பு நாள் வரை திரும்பப் பெறலாம். அதனால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டால் கணவருக்கு ஆபத்து. எதையும் வாங்காமல் கடைசி வரை காத்திருந்தால் மனைவிக்கு ஆபத்து. ஒரு பங்கு மனு போடும்போது, மீதி கடைசி விசாரணையில் நீதிபதி முன்னிலையில் டிமாண்ட் டிராஃப்டாக என்று எழுதினால் இருவருக்கும் பிடிப்பு இருக்கும். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுக்க முடியாது; அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

வீடோ நிலமோ கைமாறுவதாக இருந்தால் மனுவில் எழுதுவது போதாது, பத்திரம் பதிய வேண்டும். கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் அந்த உறவும் சலுகையும் போய்விடும். அதனால் பத்திரத் தேதியைத் தீர்ப்புக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய மூல ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும். வெளியூர் நிறுவனத்தில் அதைப் படிக்க ஆள் இருக்காது; இந்த வேலையை உள்ளூர் பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ கொடுங்கள்.

வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், விவாகரத்துத் தீர்ப்பால் அது தானாக முடியாது. மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டு, மனைவி அங்கே ஒத்துக்கொண்டால்தான் முடியும். யார் செலவில், எத்தனை நாளுக்குள் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.

கணவர் வளைகுடாவில் இருந்தால்

அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் அலைபவர்கள் அதிகம். தக்க காரணம் இருந்தால் காணொலியில் ஆஜராகவும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் மூலம் வரவும் அனுமதிக்கலாம் என்று அமர்தீப் சிங் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் அனுமதி தருவது நீதிபதி. அதைச் சேவை நிறுவனம் உறுதிமொழியாக விற்க முடியாது. முடிந்தால் கடைசி விசாரணைத் தேதியை அவருடைய விடுமுறையோடு பொருத்திக் கேட்பதே நல்லது.

எமிரேட்ஸில் 2023 பிப்ரவரி முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காரணம் காட்டத் தேவையில்லாத விவாகரத்துச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அங்கே ஆன்லைனில் சீக்கிரம் முடித்துத் தருவதாக ஏஜென்டுகள் சொல்வார்கள். நம் சட்டத்தில் உள்ள காரணத்தில் வராத, மற்றவர் மனமொத்துக் கலந்துகொள்ளாத வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே ஏற்க முடியாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி ஊரில் மறுமணம் வேண்டாம்.

மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல், பழைய முகவரி போட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கித் தருகிறோம் என்ற யோசனையும் வரும். சம்மன் சரியாகச் சேராதவர், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குள் மறுமணம் ஆகியிருந்தால் மூன்றாவதாக ஒருவர் வாழ்க்கையும் சேர்ந்து சிக்கும்.

நம்பர் ஆன பிறகு

மனு நம்பர் ஆனதும் உங்கள் வழக்கை மட்டும் அடையாளம் காட்டும், 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைக்கும். தமிழ்நாட்டைக் குறிக்கும் எழுத்துகளில் தொடங்கி, ஆண்டில் முடியும். சேவையிடம் கேட்க வேண்டிய முதல் ரசீது இதுதான். ‘ஃபைல் பண்ணியாச்சு’ என்று சொல்லி இரண்டு வாரமாகியும் இந்த எண் வரவில்லை என்றால் மனு ரிட்டர்னில் கிடக்கிறது, அல்லது போடவே இல்லை. எண் வந்ததும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். நிறுவனத்தின் குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும், மறுபடி உயிர்ப்பிக்கத் தனி மனு போட வேண்டும்.

கவுன்சிலிங்கில் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேச வைப்பார்கள். மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். மனுவில் உள்ள தேதியும் தொகையும் உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் விசாரணை நாளில் நீதிபதி உங்களிடம்தான் கேட்பார்: கையெழுத்து உங்களுடையதா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் வந்ததா. அசல் ஆதாரும் திருமணச் சான்றும் கையில் இருக்கட்டும்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். பிடிஎஃப் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முத்திரையோடு கூடிய நகல்தான் எல்லா இடத்திலும் செல்லும். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டிலும் குறைந்தது மூன்று நகல் வாங்கி வைத்தால் பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, வங்கி வாரிசு நியமனம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் நாகர்கோவிலுக்கு ஓட வேண்டாம். நகலில் பெயர், எழுத்துப் பிழை, திருமணத் தேதி மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அதே கோர்ட்டில் திருத்த மனு போடலாம். போட்டி வழக்கில் தீர்ப்பு வந்தவர்கள் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறுமணத் தேதி குறிக்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் அது 90 நாள். அந்த நாள் கடந்த பிறகு மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்பதை உயர் நீதிமன்ற வழக்கு நிலவரத்தில் இருவர் பெயரையும் போட்டுத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள்.